நகலெடுப்பவனின் ஞாயிறுகள்

நகல் என்ற சொல்லுக்கு நம்மிடம் நல்ல பெயர் கிடையாது. நகல் என்றால் ஜெராக்ஸ் கடை, நகல் என்றால் திருட்டு, நகலெடுப்பவன் என்றால் சொந்தச் சரக்கில்லாதவன். இலக்கிய விவாதங்களில் ஒரு படைப்பை ஒரே அடியில் வீழ்த்த வேண்டுமென்றால் அதை நகல் என்று சொல்லிவிட்டால் போதும். இசையில் மட்டும் இந்த இளக்காரம் இல்லை. குரு பாடியதை அப்படியே திருப்பிப் பாடுகிற பிள்ளையை யாரும் நகலெடுக்கிறான் என்று சொல்வதில்லை. பாடம் செய்கிறான் என்கிறோம். ஓவியத்திலும் அப்படியொரு பாடம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அந்தப் பாடத்தைச் சில ஆண்டுகள் படித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் வசிப்பது ஊத்தங்கரையில், வேலை ஓசூரில். 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இரு முனைகள் இவை. ஊத்தங்கரை திருவண்ணாமலைச் சாலையில், மாந்தோப்புகள் சூழ்ந்த ஊர். ஓசூர் கர்நாடக எல்லையில், 1970-களில் சிப்காட் வந்தபிறகு முகம் மாறிப்போன ஊர். நடுவே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஷிப்டு வேலை பார்ப்பவன் தினமும் போய்வரக்கூடிய தூரமல்ல. எங்கள் பகுதியில் என்னைப்போல் ஏராளமானோர் திங்கட்கிழமை விடியற்காலைப் பேருந்தில் போய், ஓசூரில் நான்கைந்து பேராக அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை இரவு வீடு திரும்புகிறவர்கள். ஆகவே ஓவியத்துக்கென்று எனக்கு இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே.

தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். வரைபடத்தில் உள்ள அளவும் கையில் உள்ள பாகமும் ஒத்துப்போகின்றனவா என்று மைக்ரோமீட்டரால் அளந்து பார்ப்பது என் வேலை. நூறில் இரண்டு மில்லிமீட்டர் கூடிவிட்டால் பாகம் சிவப்புப் பெட்டிக்குப் போய்விடும். ஆயிரமாவது பாகம் முதல் பாகத்தைப் போலவே இருக்க வேண்டும் என்பதே அங்கே நியாயம். யோசித்துப் பார்த்தால் வாரம் முழுவதும் நான் நகல்களைத்தான் கையில் எடுத்துப் பார்க்கிறேன். ஏழாம் நாள் உட்கார்ந்து ஒரே ஒரு நகலை ஓராண்டுக்கும் மேலாகச் செய்ய ஆரம்பித்தபோது என் அறை நண்பர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஊத்தங்கரையில் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர். எல்லோரும் ஆர்ட்டிஸ்ட் அண்ணன் என்பார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் என்று நான்கு எழுத்திலும் அளவு பிசகாமல் எழுதக்கூடியவர். எல்லைப்புறத்தில் தொழில் செய்கிறவருக்கு அது தேவையும்கூட. கடைப்பெயர், கட்சிச் சுவர், பள்ளிக்கூடத்துத் தலைவர் படங்கள், லாரியின் பின்பக்கத்து மயில் என்று முப்பது ஆண்டுகள் எனாமல் பெயின்டோடு வாழ்ந்தவர். 2000-களில் ஃபிளெக்ஸ் அச்சு வந்தது. இரண்டு நாள் வேலையை அந்த இயந்திரம் அரைமணி நேரத்தில் செய்தது. அவர் பெரிதாகப் புலம்பியதில்லை. பிரஷ்களைக் கழுவிச் சுற்றி வைத்துவிட்டு ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதப் போனார். எண்ணெய் வண்ணம் அவர் தனக்காக மட்டும் வைத்திருந்த ரகசியம். அவர் வீட்டுச் சுவரில் இருந்த இரண்டு மூன்று படங்களைப் பார்த்த பிறகுதான் நான் அவரிடம் போனேன்.

"எதையாவது பாத்து வரைங்க தம்பி. மனசுல இருக்கறத அப்புறம் வரையலாம். மனசுல இருக்கறதும் எங்கயோ பாத்ததுதான்" என்றார். நான் மலை, ஏரி, மரம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் வேண்டாம் என்றார். மரத்தின் கிளை கொஞ்சம் வளைந்துவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். மலை ஓரடி தள்ளிப்போனால் மலைக்கே தெரியாது. ஆனால் ஓர் அறை, அதற்குள் ஆட்கள் என்றால் ஒவ்வொன்றும் மற்றொன்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எங்கிருந்து வெளிச்சம் வருகிறது என்பதைத் தரை, துணி, கன்னம், சுவர் எல்லாம் ஒரே குரலில் சொல்ல வேண்டும். "அங்க தப்பிச்சுப் போக எடமில்ல" என்றார். அப்படித்தான் ரவிவர்மாவின் 'அதோ அப்பா வருகிறார்' எனக்கு வாய்த்தது.

1893-இல் வரையப்பட்ட படம் அது. பலருக்கும் பரிச்சயமானதுதான். வெள்ளை உடுத்திய இளம்பெண் ஒருத்தி கையில் குழந்தையோடு நிற்கிறாள். அவள் பார்வை படத்தின் இடப்பக்கம் எங்கோ இருக்கிறது. அருகே ஒரு நாய். பின்னால் இருண்ட உள்ளறை. அந்தப் பெண் ரவிவர்மாவின் மகள் மகாப்பிரபா; கையில் இருப்பது அவளுடைய குழந்தை. படத்தின் தலைப்பில் இருக்கிற அப்பா மட்டும் படத்தில் இல்லை. அச்சின் கீழே இருந்த ஆங்கிலத் தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்த என் மகள், "பாப்பாதான் அம்மா கையிலயே இருக்கே, அப்புறம் எந்தப் பாப்பா வருது?" என்று கேட்டாள். ஆங்கிலத்துப் 'பாப்பா' நமக்கு அப்பா என்று விளக்கினேன். அப்படியென்றால் அப்பா எங்கே என்று அடுத்த கேள்வி வந்தது. படத்தின் விளிம்பைத் தாண்டிச் சுவரைக் காட்டினேன்.

ரவிவர்மா எண்ணெய் வண்ணம் கற்ற கதை, கற்க விரும்புகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1848-இல் கிளிமானூரில் பிறந்தவர், பதினான்கு வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்குக் கொண்டுவரப்படுகிறார். அங்கே எண்ணெய் வண்ணம் அறிந்தவர் மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர். அவர் இந்தப் பையனுக்குக் கற்றுத்தர மறுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. நாயக்கரின் மாணவரான ஆறுமுகம் பிள்ளை என்பவர் இரவில் ரகசியமாக வந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார். 1868-இல் மன்னரை வரைய வந்த, டென்மார்க்கில் பிறந்த தியோடர் ஜென்சன், தான் வரைவதை நின்று பார்க்க மட்டும் அனுமதித்திருக்கிறார். முறையான பாடம் என்று எதுவும் இல்லை. மறுப்பு, இரவு, வேடிக்கை பார்த்தல், மீதி தானே செய்து பார்த்தல். ஐந்தாண்டுகளில், 1873-இல், சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப்பதக்கம் அவருக்குக் கிடைக்கிறது.

அரச உறவும் அரண்மனை வாசலும் அவருக்கு இருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது. பார்க்கக் கிடைப்பதே ஒரு சலுகை. ஆறுமுகம் பிள்ளை என்ற பெயர் இன்று ரவிவர்மாவின் வரலாற்றில் ஒரு வரியாக மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அவர் கையால் வரைந்தது எதையும் நாம் பேசுவதில்லை. ஆனால் எண்ணெயை எந்த அளவில் கலக்க வேண்டும், எந்த வண்ணம் எதற்கு முன்னால் வர வேண்டும் என்பது யாரோ ஒருவர் வாயிலிருந்துதான் இன்னொருவர் கைக்குப் போயாக வேண்டும். கல்லூரிகளுக்கு வெளியே இந்தக் கலை இப்படித்தான் இரவு வேலையாக, கணக்கெழுதி முடித்த பிறகான வேலையாக நகர்ந்திருக்கிறது. ஆர்ட்டிஸ்ட் அண்ணன் என் வீட்டுத் தாழ்வாரத்தில் முக்காலியைப் போட்டு உட்காரும்போதெல்லாம் எனக்கு ஆறுமுகம் பிள்ளை நினைவுக்கு வருவார்.

மூலத்தை முன்னால் வைத்து வரைய எனக்கு வழியில்லை. கிருஷ்ணகிரியில் ஒரு ஃபிளெக்ஸ் கடையிலேயே படத்தை இரண்டடிக்கு மூன்றடி அளவில் நல்ல தாளில் அச்சிட்டு வாங்கினேன். தன் தொழிலை விழுங்கிய இயந்திரத்தின் தாளை அண்ணன் விரலால் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் போடுறான்" என்று மட்டும் சொன்னார். பிறகு அந்தத் தாளின் மேல் பென்சிலால் இரண்டு அங்குலக் கட்டங்கள் போடச் சொன்னார். அகலத்தில் பன்னிரண்டு, உயரத்தில் பதினெட்டு, மொத்தம் இருநூற்றுப் பதினாறு கட்டங்கள். கேன்வாஸிலும் அதேபோல். சுவர் விளம்பரத்துக்கும் சினிமா பேனருக்கும் நம் ஊர் ஓவியர்கள் பயன்படுத்திய முறைதான் இது. சுவரில் மட்டும் பென்சிலுக்குப் பதில் காவி தடவிய நூலை இழுத்து அடிப்பார்கள்.

இந்தக் கட்டம் போடும் வேலையைப் பற்றிச் சிலர் முகம் சுளிப்பதுண்டு. வான்கா சான் ரெமி மனநல விடுதியில் இருந்தபோது, 1889-90-இல், மில்லேயின் படங்களைப் பார்த்து இருபதுக்கும் மேற்பட்ட நகல்கள் வரைந்தார். அவர் முன்னால் இருந்தவை வண்ணமற்ற அச்சுப் பிரதிகள். 'முதல் அடிகள்' என்ற படத்துக்கு அவர் புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டே கேன்வாஸுக்கு மாற்றினார். தோட்டத்தில் தந்தை மண்டியிட்டுக் கைகளை விரித்திருக்க, தாயின் பிடியிலிருந்து குழந்தை அவரை நோக்கி அடியெடுத்து வைக்கும் காட்சி. தம்பி தியோவுக்குக் குழந்தை பிறக்கவிருந்த ஜனவரியில் அதை வரைந்தார். தான் செய்வது வெறும் பிரதியெடுத்தல் அல்ல, பேத்தோவனின் இசையை ஒரு வாத்தியக்காரர் தன் வழியில் வாசிப்பதைப் போன்றது என்ற பொருளில் தம்பிக்குக் கடிதமும் எழுதினார். அவர் காலத்தில் அந்த வாதத்தைக் கேட்க அதிகம் பேர் இல்லை.

கட்டங்கள் ஒரு விந்தையான காரியத்தைச் செய்கின்றன. பொருள்களின் பெயர்களை அழித்துவிடுகின்றன. எட்டாவது வரிசை, ஐந்தாவது கட்டத்தில் இருப்பது 'கை' அல்ல. இடமிருந்து சரிந்து இறங்கும் ஒரு விளிம்பு, அதற்குக் கீழே முக்கோணமாக ஒரு நிழல். கை என்று தெரிந்தால் மனம் தனக்குத் தெரிந்த கையை வரைந்துவிடும். தெரியாத ஒன்றாகப் பார்த்தால்தான் அங்கே இருப்பதை வரையும். அதனால்தான் அண்ணன் சில ஞாயிறுகளில் தாளையும் கேன்வாஸையும் தலைகீழாக நிறுத்திவிடுவார். அளவுகருவியோடு பழகிய எனக்கு இந்தப் பகுதி எளிதாகவே வந்தது.

எண்ணெய் வண்ணத்தில் முதலில் வருவது வண்ணமே அல்ல. பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பை டர்பன்டைனில் நீராகக் கரைத்து, முழுப்படத்தையும் வெளிச்சம், நிழல் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் விவரங்கள் மறைந்து ஒளியும் இருளும் மட்டும் மிஞ்சும். அந்த நிலையிலேயே படம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மேலே எத்தனை வண்ணம் பூசினாலும் நிற்காது. அடுத்தடுத்த அடுக்குகளில் எண்ணெய் கூடிக்கொண்டே போக வேண்டும். அடியில் எண்ணெய் மிகுந்து மேலே குறைந்தால், மேலடுக்கு முந்திக் காய்ந்து பின்னால் வெடிக்கும். நம் கிராமத்துச் சுவருக்குச் சாந்து பூசும் கொத்தனாரும் இதைப் போன்ற ஒரு கணக்கை வைத்திருக்கிறார்.

தண்ணீர் வண்ணம் நீர் ஆவியாவதால் காய்கிறது. ஆளிவிதை எண்ணெய் அப்படிக் காய்வதில்லை. அது காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, மெல்ல மெல்ல இறுகித் தோலாகிறது. மெல்லிய அடுக்கு தொடும் பதத்துக்கு வரவே சில நாட்கள், சில வண்ணங்களுக்கு ஒரு வாரமும் அதற்கு மேலும் ஆகும். அம்பர் போன்ற மண் நிறங்கள் சீக்கிரம் இறுகும். கறுப்பு பிடிவாதம் பிடிக்கும். தினமும் வரையக்கூடியவர்களுக்கு இது ஒரு தொல்லை. எனக்கோ இதைவிடப் பொருத்தமான ஊடகம் இருக்க முடியாது. ஞாயிறு பூசியதை அறைக்குள் சாய்த்து வைத்துவிட்டுத் திங்கள் விடியலில் கிளம்பிவிடுவேன். நான் ஓசூரில் தண்டுகளையும் வளையங்களையும் அளந்துகொண்டிருக்கும் ஆறு நாட்களில் அது தன் வேலையைச் செய்திருக்கும். சனி இரவு வந்ததும் ஓரத்தில் விரல்நுனியை வைத்துப் பார்ப்பேன். மறுநாள் அதன் மேல் அடுத்த அடுக்கு.

அந்தப் பெண்ணின் வெள்ளை உடை மட்டும் நான்கு மாதங்கள் எடுத்துக்கொண்டது. டியூபிலிருந்து வெள்ளையைப் பிதுக்கி அப்படியே பூசினால் துணி வராது, சுண்ணாம்புச் சுவர் வரும். அண்ணன் ஒரு வெள்ளைத் தாளில் சின்ன ஓட்டை போட்டுக் கொடுத்தார். அதை அச்சின் மேல் நகர்த்தி ஓட்டை வழியே தெரிகிற நிறத்தை மட்டும் பார்க்கச் சொன்னார். வெள்ளைத் துணிக்குள் சாம்பல் இருந்தது, வெளிறிய மஞ்சள் இருந்தது, மடிப்புகளுக்குள் நீலமும் பழுப்பும் இருந்தன. வெள்ளை என்று சொல்லத்தக்கது மிகச் சில இடங்களில்தான். அந்தச் சில இடங்களுக்காக மற்ற எல்லாம் கொஞ்சம் அடங்கி நிற்கின்றன. ரவிவர்மா காலத்தில் ஓவியரின் வெள்ளை பெரும்பாலும் ஈய வெள்ளை; நாம் இன்று வாங்கும் டைட்டானியம் வெள்ளை இருபதாம் நூற்றாண்டில் வந்தது. இது கூடுதல் வெளுப்பும் குளிர்ச்சியும் கொண்டது. ஆகவே கொஞ்சம் எல்லோ ஓக்கர் சேர்த்துச் சூடேற்ற வேண்டியிருந்தது.

இடையில் ஒரு விடுமுறை நாளில் அண்ணனை அழைத்துக்கொண்டு மைசூருக்குப் போனேன். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூர், அங்கிருந்து மைசூர். ஜகன்மோகன் அரண்மனையில் உள்ள ஜெயசாமராஜேந்திரா ஓவியக்கூடத்தில் ரவிவர்மாவின் மூலங்கள் உண்டு. 1885-இல் மன்னர் சாமராஜேந்திர உடையாரின் அழைப்பில் அவர் மைசூருக்கு வந்து வரைந்ததில் தொடங்கிய உறவு அது. பல சமூகங்களைச் சேர்ந்த பதினொரு பெண்கள் இசைக்கருவிகளோடு கூடியிருக்கும் படத்தின் முன்னால் அண்ணன் நெடுநேரம் நின்றார். தூரத்தில் ஜரிகை. கிட்டே போனால் ஜரிகை இல்லை. மஞ்சளும் வெள்ளையும் கலந்த சின்னச் சின்னத் திட்டுகள், சற்றே மேடாக. "நாம இத அச்சுல பாக்கவே முடியாது தம்பி. அச்சுல மேடு ஏது, பள்ளம் ஏது" என்றார்.

அதே கூடத்தில்தான் கையில் விளக்கோடு நிற்கும் பெண்ணின் புகழ்பெற்ற படமும் இருக்கிறது. ரவிவர்மா வரைந்தது என்று பலரும் நினைத்துக்கொண்டிருப்பது, உண்மையில் எஸ். எல். ஹல்தன்கர் தன் மகளை நிற்கவைத்து 1940-களில் வரைந்த நீர்வண்ணப் படம். அந்த இரண்டு படங்களையும் ஒரே நாளில் பார்த்தது நல்ல பாடம். நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது பூசாமல் விட்ட தாள். முதலிலேயே முடிவுசெய்து காப்பாற்ற வேண்டியது. எண்ணெய் வண்ணத்தில் வெளிச்சம் கடைசியில் வருகிறது. இருட்டிலிருந்து படிப்படியாக ஏறிவந்து, முடிவில் ஒரு பிரஷ் நுனியால் வைப்பது.

திரும்பி வரும் பேருந்தில் நான் யோசித்துக்கொண்டிருந்தது வேறொன்று. ரவிவர்மாவின் எண்ணெய்ப் படங்கள் நம் வீடுகளுக்கு வந்தது அச்சாகத்தான். அவற்றை அச்சிட்டுப் பரப்பலாம் என்ற யோசனையை அவருக்குச் சொன்னவர், திருவிதாங்கூரில் திவானாக இருந்த, கும்பகோணத்துக்காரரான டி. மாதவராவ். 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் என்று ஓவியத்தைப் பிரித்து, மறுபடி தாளில் ஒன்றுசேர்த்தார்கள். லட்சுமியும் சரஸ்வதியும் ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்து சேர்ந்தார்கள். கேன்வாஸிலிருந்து கல்லுக்கு, கல்லிலிருந்து தாளுக்கு என்பது அவர் போன வழி. நான் தாளிலிருந்து கேன்வாஸுக்கு, எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தேன். போகிற வழியில் படம் இழந்தவற்றை வருகிற வழியில் நான் தேடி எடுக்க வேண்டும்.

அப்படி இழந்தவற்றில் முக்கியமானது காலம். எந்த நிறம் எங்கே இருக்கிறது என்று அச்சு துல்லியமாகச் சொல்லும். எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று சொல்லாது. அதை நகலெடுப்பவன் தன் கையால்தான் கண்டுபிடிக்க வேண்டும். கன்னத்தின் விளிம்பு இருட்டின் மேல் வந்ததா, இருட்டு கன்னத்தின் விளிம்பைத் தின்றதா? துணியின் ஓரம் ஈரமாக இருக்கும்போதே பின்புலம் பூசப்பட்டதா? ஒவ்வொரு அங்குலத்திலும் ஓவியர் ஒரு முடிவெடுத்திருக்கிறார். அந்த முடிவுகளைத் திரும்ப ஒருமுறை எடுத்துப் பார்ப்பதே படியெடுத்தல் என்று எனக்குப் படுகிறது. ஒரு நாவலைக் கையால் எழுதிப் பார்ப்பவருக்கு வாக்கியங்களின் மூச்சு பிடிபடுவதைப்போல.

ஓவியர் வேண்டாமென்று விட்டவையும் அந்த முடிவுகளில் அடக்கம். வெர்மீரின் 'பால்காரி'யை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சமையலறை, ஒரு பணிப்பெண், பால் ஊற்றும் குவளை, பின்னால் வெறுமையான சுவர். அந்தச் சுவரின் அமைதியைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். 2022-இல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் நவீனக் கருவிகளால் ஆராய்ந்தபோது அந்தப் படத்தின் அடியில் குவளைகளை மாட்டிவைக்கும் ஒரு பலகையும் ஒரு கணப்புக் கூடையும் தெரிந்தன. வெர்மீர் அவற்றை முதலில் தீட்டிவிட்டுப் பிறகு மூடியிருக்கிறார். வெறுமை தானாக வந்ததல்ல. எனது படத்தின் இருண்ட பின்புலத்தை நான் சலிப்போடு பூசிக்கொண்டிருந்த மாதங்களில் இந்தச் செய்தி பெரிய ஊக்கமாக இருந்தது. அந்த இருட்டுக்குள் ஒன்றுமில்லை என்றால்தான் அவள் முகம் வெளியே திரும்பியிருப்பதற்குப் பொருள் உண்டு.

அந்த முகத்தைக் கடைசிக்கு வைத்திருந்தோம். பக்கவாட்டில் திரும்பிய முகம். என் கேன்வாஸ் அளவில் கண் ஒரு நெல்மணி அளவுதான் இருக்கும். கருவிழியை ஒரு மயிரிழை நகர்த்தினால் அவள் யாரையும் பார்க்கவில்லை, வெறுமனே யோசிக்கிறாள். இன்னொரு மயிரிழை நகர்த்தினால் பயந்திருக்கிறாள். மைக்ரோமீட்டர் பிடித்த கைக்கு இங்கேதான் வேலை நின்றுபோனது. அளவு சரியாக இருந்தும் பார்வை வராமல் இருந்தது. ஒன்பது ஞாயிறுகள் அந்தக் கண்ணை வைத்தும் துடைத்தும் பார்த்தோம். ஈர வண்ணத்தைத் துணியால் துடைத்துவிட முடிவது எண்ணெயின் பெருந்தன்மை.

அப்போதுதான் இந்தப் படத்தின் பின்னணியைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். ரவிவர்மாவின் உலகம் மருமக்கள்தாய உலகம். குழந்தைகள் தாயின் தறவாட்டைச் சேர்ந்தவர்கள். வீட்டின் அதிகாரம் தாய்மாமனிடம். கணவன் வந்துபோகிறவன். ரவிவர்மாவும் அப்படி மாவேலிக்கரைக்கு வந்துபோன கணவர்தான். அதிலும் பம்பாய், பரோடா, மைசூர் என்று வாழ்நாளெல்லாம் பயணத்தில் இருந்தவர். அந்த முறை கேள்விக்குள்ளாகிக்கொண்டிருந்த காலத்தில் அவர் இதை வரைகிறார். மூன்றாண்டுகள் கழித்து 1896-இல் மலபார் திருமணச் சட்டம் வந்தது. வரவிருந்த தந்தை மையக் குடும்பத்தின் அறிவிப்பாக இந்தப் படத்தை ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள். அந்த வாசிப்பு சரியானதே. ஆயினும் அந்தத் தந்தை படத்துக்குள் வரவில்லை. வாசலில் நிற்கிறவர்களை மட்டும் வரைந்திருக்கிறார், வாழ்நாளெல்லாம் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்த ஒருவர்.

ஒரு ஞாயிறு மதியம் என் மனைவி தேநீர் கொண்டுவந்தவள் கேன்வாஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இவ ரொம்ப நேரமா நிக்கல" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "கொழந்தையத் தூக்கிட்டு யாரு மணிக்கணக்கா நிப்பாங்க? சத்தம் கேட்டு அப்பத்தான் எந்திரிச்சு வந்திருக்கா. நானும் அப்படித்தான். ஒங்க பஸ் முக்குல திரும்பற சத்தம் கேட்டாதான் எந்திரிப்பேன். அதுவரைக்கும் வேல இருக்கும்." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "பஸ் வந்தும் நீங்க எறங்காத நாளும் உண்டு" என்றாள். ஓவர்டைம் என்று நான் கடைசி நேரத்தில் தகவல் சொல்லும் சனிக்கிழமைகள். அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. படத்தில் உள்ள பெண்ணைப் பற்றிப் பேசும் அதே குரலில்தான் சொன்னாள்.

பதினோரு ஆண்டுகளாக நான் அந்த வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறேன். நான் பார்த்தவை எல்லாம் நான் வந்துவிட்ட பிறகான முகங்கள். பை வாங்கிக்கொள்ளும் முகம், சாப்பிட்டீர்களா என்று கேட்கும் முகம். சத்தம் கேட்டு எழுந்து வந்து, இறங்குவது நான்தானா என்று பார்க்கும் அந்த முகத்தை நான் பார்த்ததே கிடையாது. யாருக்காகக் காத்திருக்கிறார்களோ அவருக்கு மட்டும் அது தெரிவதில்லை. அவர் கண்ணில் படும்போது அது வேறொன்றாகிவிட்டிருக்கும். ரவிவர்மாவின் படம் அந்த ஒரு முகத்தைத் தந்தை நிற்காத ஒரு கோணத்திலிருந்து காட்டுகிறது. நான் வேறு வேலைக்காக, கருவிழியின் அளவுக்காக, மூக்கின் நிழலுக்காக, அதன் முன்னால் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். வேறு எந்த வழியிலும் அத்தனை நேரம் அதைப் பார்த்திருக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிறு கண்ணின் மேலிமையைச் சற்று உயர்த்தினோம். கழுத்தின் பக்கவாட்டு நிழலைக் கொஞ்சம் இறுக்கினோம், அப்போதுதான் திரும்பிய கழுத்து என்று தெரிகிற அளவுக்கு. கருவிழியைத் தொடவே இல்லை. அண்ணன் ஆறடி தள்ளிப் போய்ப் பார்த்துவிட்டு, "போதும், விட்ருங்க" என்றார். பெயர்ப்பலகைக்காரருக்குத் தெரியும் எங்கே நிறுத்த வேண்டுமென்று.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் 1793 முதலே ஓவியர்கள் உள்ளே அமர்ந்து நகலெடுக்க அனுமதி உண்டு. அதற்கு விதிகளும் உண்டு. நகல் மூலத்தின் அளவில் இருக்கக் கூடாது. ஐந்தில் ஒரு பங்காவது சிறிதாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். மூல ஓவியரின் கையெழுத்தைப் போடக் கூடாது. இந்த விதியை அண்ணனிடம் சொன்னேன். "அது சரிதான். பலகைல கடக்காரன் பேருதான் பெருசா இருக்கணும், எழுதினவன் பேரு ஓரத்துல" என்றார். கேன்வாஸின் பின்பக்கம் 'ரவிவர்மாவைப் பார்த்து' என்றும், கீழே எங்கள் இருவர் பெயரையும் அவரே எழுதினார். முப்பது ஆண்டு எழுத்து. வளைவு ஒன்றும் பிசகவில்லை.

படம் இப்போது எங்கள் கூடத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் யார் வரைந்தது என்று கேட்டால் மனைவி ரவிவர்மா என்கிறாள், மகள் எங்கள் அப்பா என்கிறாள். அடுத்தது என்ன என்று அண்ணன் கேட்டார். எங்கள் வீட்டு வாசலை, சனிக்கிழமை இரவில், தெருவிளக்கு வெளிச்சத்தில் வரைய வேண்டும் என்றேன். நல்ல யோசனை, ஆளை நிற்கவைத்து வரையுங்கள் என்றார். அங்கேதான் சிக்கல். நான் முக்காலி போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டால் அவள் யாருக்காக எழுந்து வருவாள்? கட்டம் போட ஒரு தாளும் இல்லை. ஆனாலும் கேன்வாஸைச் சட்டத்தில் அடித்து, அடிவண்ணம் பூசி வைத்திருக்கிறேன். அம்பர் என்பதால் சீக்கிரம் காய்ந்துவிடும்.